லைன் வியட்நாமுக்குப் போகிறது, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து கேட்கிறார்கள்: வி.எஸ்.எஸ். பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 · பிறை_லைன்லீடர்

வணக்கம். மலேசியா, பினாங்கு மாநிலத்தின் பிறையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடராக இருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஆப்பரேட்டராகச் சேர்ந்தவள், இருபது வருடம் ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை எல்லோரையும் கேண்டீனில் உட்கார வைத்து, எங்கள் லைனை வியட்நாமுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். கையோடு வி.எஸ்.எஸ். (கம்பெனி தரும் தொகையை வாங்கிக்கொண்டு விரும்பி விலகும் திட்டம்) கடிதமும் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கையெழுத்துப் போட்டால் இந்தத் தொகை, போடாவிட்டால் பிறகு "சட்டப்படி" என்றார் எச்.ஆர். பெண். சட்டப்படி என்றால் எவ்வளவு என்று கேட்டதற்கு, அதைப் பிறகு கணக்கிடுவோம் என்கிறார்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. சில மாதங்களுக்கு முன் வியட்நாமிலிருந்து பெண்கள் பயிற்சிக்கு வந்தார்கள். ஆர்டர் கூடுகிறது, அங்கேயும் ஒரு லைன் திறக்கிறோம், நம் லைனுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் அவர்களை என்னோடு உட்கார வைத்தார்கள். எந்தப் பாகம் வெப்பத்தில் வளையும், எந்த மெஷின் திங்கட்கிழமை காலையில் மக்கர் பண்ணும், எந்த இடத்தில் ரிஜெக்ட் அதிகம் வரும், எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். புத்தகத்தில் இல்லாத விஷயங்கள் அவை. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஊருக்குப் போகும்போது அழுதுவிட்டுத்தான் போனார்கள். எங்களிடம் உண்மையைச் சொல்லாமல் அந்த வேலையை வாங்கிக்கொண்டார்களே, அதுதான் ஆறவில்லை.

என் லைனில் பாதிப் பேர் நம் பெண்கள். நாற்பது வயது தாண்டியவர்கள்தான் அதிகம். நீங்கள் என்ன செய்கிறீர்களோ அதையே நாங்களும் செய்கிறோம் அக்கா என்கிறார்கள். தயவுசெய்து விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 · சங்கத்துக்காரன்

தங்கச்சி, முதலில் ஒன்று: வெள்ளிக்கிழமை என்பது கம்பெனி வைத்த தேதி. வி.எஸ்.எஸ். கடிதத்தில் இத்தனை நாளுக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அது தொழிலாளி விரும்பி எடுப்பது. வேண்டாம் என்று சொல்லவும், கூடுதல் நேரம் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலாக இருந்தாலும் போதும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் சட்டம் கொடுக்கும் குறைந்தபட்சத் தொகையை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் 1980-இல் வந்த விதிமுறை இருக்கிறது. ஒரு வருடம் முடித்து இரண்டு வருடத்துக்குள் இருப்பவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் 15 நாள். ஐந்து வருடத்துக்கு மேல் என்றால் 20 நாள். நீங்கள் இந்தக் கடைசிக் கூட்டம்.

ஒரு நாள் சம்பளத்தை எப்படி எடுப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். விதியில் சொல்வது கடைசி 12 மாதச் சம்பளத்தின் உண்மையான சராசரி. வேலைக்காகக் கொடுத்த மற்ற ரொக்கப் பணமும் சம்பளத்தில் சேரும். ஒருவர் 12 மாதத்தில் 36,000 ரிங்கிட் வாங்கியிருந்தால், 365-ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 98 ரிங்கிட் 60 காசு. இருபது நாளுக்கு 1,970 சொச்சம். இருபது வருட சர்வீஸ் என்றால் 39,400 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேலே. இது சட்டம் வைத்த தரைமட்டம். கடிதத்தில் போட்டிருக்கும் தொகை இதைவிட எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள். கூடுதலே இல்லை என்றால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுவதில் உங்களுக்கு என்ன லாபம்?

நோட்டீஸ் கணக்கு தனி. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு 8 வாரம். அந்த 8 வாரத்தை வேலையாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பணமாகக் கொடுக்க வேண்டும். சில கம்பெனிகள் நோட்டீஸ் பணத்தையும் வி.எஸ்.எஸ். தொகைக்குள்ளேயே போட்டுக் கலக்கி, பெரிய எண்ணாகக் காட்டும். பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எடுக்காத விடுமுறைக்கான பணம், மருத்துவ அட்டை எதுவரை செல்லும் என்பது, இதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

ஆள் குறைப்பு செய்யும் கம்பெனி குறைந்தது 30 நாளுக்கு முன்பே பி.கே. படிவத்தை (ஆள் குறைப்பு அறிவிப்பு) தொழிலாளர் இலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். வி.எஸ்.எஸ். என்றாலும் இது உண்டு. அனுப்பினார்களா என்று இலாகாவிலேயே போய்க் கேட்கலாம்.

#3 · கூலிம்_ஷிஃப்ட்

அக்கா, சங்கத்து அண்ணன் சொன்னதோடு பெர்கேசோவையும் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மறக்காதீர்கள். எஸ்.ஐ.பி. என்று பே-ஸ்லிப்பில் சின்னத் தொகை பிடிப்பார்களே, அதுதான் வேலை இழப்புக் காப்புறுதி. 2018 ஜனவரியில் தொடங்கியது. உங்களிடம் 0.2 விழுக்காடு, கம்பெனியிடம் 0.2 விழுக்காடு. வேலை போன 60 நாளுக்குள் மனுப் போட வேண்டும். என் அண்ணிக்கு இது தெரியாமல் நாள் தாண்டிப்போய்விட்டது.

முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றிலும் நான்கிலும் 40, ஐந்திலும் ஆறிலும் 30. 3,000 ரிங்கிட் சம்பளத்துக்கு ஆறு மாதமும் கிடைத்தால் மொத்தம் 8,100 வரும். நடுவில் வேலை கிடைத்துவிட்டால் மிச்சத்தில் 25 விழுக்காட்டை ஒரே தடவையாகத் தருவார்கள். வி.எஸ்.எஸ். எடுத்தவர்களுக்கும் இது உண்டு. ஆனால் நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கிடையாது. அதனால் கடிதத்தில் "ராஜினாமா" என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று நன்றாகப் பாருங்கள்.

#4 · பாயான்_எஞ்சினியர்

அக்காவுக்கு நடந்தது வருத்தமானது. பயிற்சி விஷயத்தில் கம்பெனி நடந்துகொண்ட விதம் தவறு, அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் லைன் வெளிநாடு போவதையே துரோகம் என்று பேச ஆரம்பித்தால் நாம் பினாங்கின் கதையையே மறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

1969-இல் பினாங்கின் தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதி பறிபோனது. ஊரில் வேலை இல்லை. லிம் சோங் யூ முதலமைச்சராக இருந்த காலத்தில், 1972-இல், பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் தடையற்ற வணிக வட்டாரம் வந்தது. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலட் பெக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ் எல்லாம் ஏன் இங்கே வந்தார்கள்? அங்கே ஆள் கூலி அதிகம், இங்கே குறைவு. நம் அம்மாமார்கள் பாயான் லெப்பாஸில் மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்தபோது அங்கே யாரோ ஒரு பெண்ணுக்கு வேலை போயிருக்கும். இப்போது அந்தப் பெண்ணின் இடத்தில் நாம் இருக்கிறோம்.

நம் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். அது கூட வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் கேட்டோம், கேட்டது சரிதான். சம்பளம் கூடினால் கையால் பூட்டும் வேலை மலிவான ஊருக்குப் போகும், கடினமான வேலை இங்கே வரும். 2018-க்குப் பிறகு அமெரிக்கா சீனப் பொருட்களுக்குப் போட்ட வரியால் எத்தனை கம்பெனி பினாங்குக்கு வந்தது என்பதையும் பாருங்கள். 2021-இல் இன்டெல் இங்கே பத்து வருடத்தில் 30 பில்லியன் ரிங்கிட் போடுவதாக அறிவித்தது. போவதை மட்டும் எண்ணினால் கணக்கு சரியாக வராது.

#5 · எழுபத்தெட்டு_பேட்ச்

தம்பி, நான் அந்த மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்த அம்மாமார்களில் ஒருத்தி. 1978-இல் நிபோங் திபால் பக்கம் தோட்டத்திலிருந்து வந்தேன். பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, அந்தக் கரையில் கம்பெனி பஸ். பாலம் வந்தது 1985-இல்தான். தலைமுடியை விடவும் மெல்லிய தங்கக் கம்பியை ஒவ்வொன்றாகப் பிணைத்தோம். இரண்டு மூன்று வருடத்தில் கண் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் போனோம். காண்டா (பால் வாளிகளைத் தொங்கவிடும் தோள்கம்பு) தூக்குவதை விட அது மேல் என்று நினைத்தோம். தோட்டத்தில் ஆயாக்கொட்டகையில் பிள்ளையைப் போட்டுவிட்டு விடியுமுன் பால் வெட்டப் போன அம்மாவின் மகள் நான். குளிர்சாதன அறையில் வேலை என்றதும் ஊரே பார்த்தது.

நீங்கள் சொன்ன வரலாறு சரி. ஒரு பாதியை மட்டும் விட்டுவிட்டீர்கள். அந்தக் கம்பெனிகளை வரவழைக்க முன்னோடித் தகுதி என்று வருடக்கணக்கில் வரி விலக்குக் கொடுத்தார்கள். நிலம், சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் அரசாங்கம் போட்டது. அதற்கு மேலே இன்னொன்றையும் கொடுத்தார்கள்: தொழிற்சங்கம் இல்லாத தொழிலாளி. மின்னணுத் துறைக்கு நாடு தழுவிய சங்கம் கூடாது என்றார்கள். 1988-இல் கம்பெனிக்குள் மட்டும் சங்கம் வைக்கலாம் என்றார்கள். வட்டாரச் சங்கத்துக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு தலைமுறைப் பெண்கள் பேரம் பேச முடியாமலேயே ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

1985-ஆம் வருடச் சரிவு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலையில் வேலைக்குப் போனவர்கள் மத்தியானம் கவரோடு வீட்டுக்கு வந்தார்கள். அப்போது பெர்கேசோவில் இந்த அலவன்ஸ் எல்லாம் கிடையாது. தோட்டத்துக்குத் திரும்பிப் போகலாம் என்றால் அங்கே வீடு அப்பா பெயரில், அப்பாவுக்கு வேலை இருந்தால்தான் வீடு. சில பெண்களை அவசர அவசரமாகக் கட்டிக் கொடுத்தார்கள்.

கம்பெனி போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வரும்போது இவ்வளவு வாங்கிக்கொண்டவன் போகும்போது என்ன வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று யாரும் எழுதி வாங்கவில்லை. என் கேள்வி அது ஒன்றுதான்.

#6 · பெட்டாலிங்_பழையவன்

கோலாலம்பூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வெஸ்டர்ன் டிஜிட்டல் பெட்டாலிங் ஜெயாவில் இருந்த ஹார்ட் டிஸ்க் ஆலையை 2019 முடிவுக்குள் மூடுவதாக 2018 ஜூலையில் அறிவித்தது. ஹார்ட் டிஸ்க் வாங்குவது குறைந்துவிட்டது, மிச்ச உற்பத்தியைத் தாய்லாந்தில் ஒன்றாக்குகிறோம், பினாங்கில் எஸ்.எஸ்.டி. வேலையைக் கூட்டுகிறோம் என்றார்கள். எஞ்சினியர் தம்பி சொல்வது போல ஒன்று போய் ஒன்று வந்ததற்கு இது நல்ல உதாரணம்தான். ஆனால் சுங்கைவேயில் வாடகை வீட்டில் இருக்கும் ஆப்பரேட்டர், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு எடுத்துக்கொண்டு பினாங்குக்குப் போவாரா?

2024 ஜூன் கடைசியில் ஷா ஆலாமில் குட்இயர் டயர் ஆலையும் மூடியது. 1972-இலிருந்து இருந்தது. சுமார் 550 பேர் வேலை செய்தார்கள்.

செய்தியில் வரும் எண்ணிக்கை கேட்டுக்குள்ளே இருப்பவர்களை மட்டும்தான் எண்ணும். நான் பெரிய கம்பெனிகளில் வேலை செய்தவன் இல்லை. அவர்களுக்குப் பிளாஸ்டிக் தட்டு செய்து கொடுக்கும் ஒரு சிறு கம்பெனியில் இருந்தேன். எங்களுக்கு ஆர்டர் கொடுத்த ஆலை நின்றபோது எங்கள் முதலாளிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான். முதலில் ஓ.டி. நின்றது, அப்புறம் வாரம் நாலு நாள் வேலை, அப்புறம் ஒவ்வொருவராக அவர்களே கிளம்பினார்கள். யாருக்கும் வி.எஸ்.எஸ். இல்லை. முதலாளி நல்ல மனிதர், அவர் கையிலும் பணம் இல்லை. கேண்டீன் நடத்திய அக்கா, பஸ் ஓட்டிய அண்ணன், கேட் முன்னால் நாசி லெமாக் விற்ற மக்சிக், இவர்களை எந்தப் படிவத்தில் எழுதுவீர்கள்?

#7 · ஒப்பந்தத்_தம்பி

அண்ணா, நானும் அந்தப் படிவத்தில் வராதவன். பாயான் லெப்பாஸில் ஏஜெண்டு மூலமாக வேலை. ஆறு மாத ஒப்பந்தம், முடிந்தால் இன்னொரு ஆறு மாதம். கம்பெனி ஆட்கள் மாதிரியே அதே லைன், அதே சட்டை, கார்டு கயிறு மட்டும் வேறு நிறம். எங்கள் பக்கமும் ஒரு புராஜெக்ட் வெளியே போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. எங்களுக்கு வி.எஸ்.எஸ். கடிதம் வராது என்று சூப்பர்வைசர் முன்பே சொல்லிவிட்டார். அடுத்த மாதம் புதுப்பிக்கவில்லை என்றால் அதோடு முடிந்தது. எஸ்.ஐ.பி.யாவது கிடைக்குமா?

#8 · சங்கத்துக்காரன்

தம்பி, நேராகச் சொல்கிறேன். ஒப்பந்தக் காலம் அதுவாக முடிந்தால் எஸ்.ஐ.பி. அலவன்ஸ் கிடைக்காது. ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே நிறுத்தினால் கேட்கலாம். முதலில் பே-ஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள்: கே.டபிள்யூ.எஸ்.பி. (இ.பி.எஃப். சேமநிதி), சொக்சோ (பெர்கேசோவின் இன்னொரு சந்தா), எஸ்.ஐ.பி. மூன்றும் பிடிக்கிறார்களா, ஏஜெண்டு அதைக் கட்டுகிறாரா? பிடிப்பது வேறு, கட்டுவது வேறு. கட்டியிருக்கிறார்களா என்பதை இணையத்தில் உங்கள் கணக்கிலேயே பார்க்கலாம். பார்த்துவிட்டு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

#9 · நிபோங்திபால்_மகள்

பிறை அக்கா, பணம் கைக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றி எழுத நினைக்கிறேன். என் அம்மாவுக்கு இதே மாதிரி வேலை போனபோது நான் இடைநிலைப் பள்ளியில் இருந்தேன். அம்மா அதுவரை ஒரே தடவையில் அவ்வளவு பணத்தைப் பார்த்தது கிடையாது. கம்பெனி மூடப்போகிறது என்று எங்கள் தாமானில் (குடியிருப்பில்) செய்தி பரவியதும் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர் வடிகட்டி ஏஜென்சி, தங்கச் சேமிப்பு, ஊட்டச்சத்துப் பொடி, உறவில் ஒருவருக்குக் கடை வைக்கப் பங்குப் பணம். எல்லோரும் தெரிந்தவர்கள், கோயிலில் பார்ப்பவர்கள், முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்று சொல்ல அம்மாவால் முடியவில்லை. ஒரு வருடத்துக்குள் பெரும் பகுதி போய்விட்டது.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். பணத்தை எடுத்த எடுப்பில் எதிலும் போட வேண்டாம். வீட்டுக்கடன் தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய் வேலை போய்விட்டது என்று சொல்லுங்கள். தவணையைக் குறைத்து ஆண்டைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். பல கடன்கள் இருந்தால் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. இ.பி.எஃப். கணக்கில் 2024 மே மாதத்திலிருந்து ஃபிளெக்ஸிபல் என்று மூன்றாவது கணக்கு வந்திருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதையும் முதல் மாதமே காலி பண்ண வேண்டாம்.

அம்மா பிறகு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலைக்குப் போனார். அதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் ஐஎஸ்ஓ ஆடிட்டுக்கு வெள்ளைக்காரர் வந்தால் அம்மாவைக் கூப்பிட்டுத்தான் விளக்கச் சொல்வார்களாம். அந்தத் திறமையை அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

#10 · பாயான்_எஞ்சினியர்

எழுபத்தெட்டு அம்மா, சங்க விஷயத்தில் நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. 2024 செப்டம்பரில் தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்து, ஒரே தொழிலுக்குள்தான் சங்கம் என்ற கட்டுப்பாடு போய்விட்டது. தாமதம்தான், ஆனால் வந்துவிட்டது.

நீங்கள் கேட்கும் "போகும்போது வைத்துவிட்டுப் போ" என்ற நிபந்தனையில்தான் எனக்குத் தயக்கம். வரி விலக்கு வாங்கும் கம்பெனி ஒவ்வொரு வருடமும் ஒரு தொகையைத் தனியாகக் கட்டி வைக்க வேண்டும் என்று நாம் சட்டம் போட்டால், வியட்நாமும் தாய்லாந்தும் அப்படிப் போடாது. வரவேண்டியவன் அங்கே போய்விடுவான். அப்போது மூடுவதற்கே ஆலை இருக்காது.

இன்னொன்று. ஆப்பரேட்டர்களுக்குச் சட்டத் தரைமட்டமாவது இருக்கிறது. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவருக்கு அந்த 1980 விதிமுறை பொருந்தாது. எனக்கு என் வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான், எடுத்துப் பார்த்தேன், அதில் ஒரு வரி கூட இல்லை. மேலே இருப்பவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

#11 · எழுபத்தெட்டு_பேட்ச்

பார்த்தீர்களா தம்பி, உங்களுக்கே ஒன்றும் இல்லை! பிறகு யாருக்காகத் தயங்குகிறீர்கள்?

கம்பெனிக்காரன் ஓடிவிடுவான் என்பதை நான் 1978-இலிருந்து கேட்கிறேன். சங்கம் வைத்தால் ஓடிவிடுவான், குறைந்தபட்சச் சம்பளம் வைத்தால் ஓடிவிடுவான், பிரசவ விடுமுறையைக் கூட்டினால் ஓடிவிடுவான். இந்த வேலை இழப்புக் காப்புறுதியை எம்.டி.யு.சி. (மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ்) எத்தனை வருடம் கேட்டது? 2018-இல் வந்தது. அதற்காக யாராவது பெட்டி கட்டினார்களா? 0.2 விழுக்காட்டுக்கு எந்தக் கம்பெனியும் கடல் தாண்டவில்லை. அவர்கள் போவது கூலிக்காகவும் சந்தைக்காகவும் வரிக்காகவும். அதை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் இருக்கும்போதே ஒரு பங்கைத் தனியாக வைக்கச் சொல்ல முடியும். கம்பெனி நொடித்துப் போனால் நஷ்ட ஈட்டுக்காகக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்பது தொழிலாளிதான். பணம் முன்பே தனியாக இருந்தால் அந்த நிலைமை வராது.

#12 · கூலிம்_ஷிஃப்ட்

நான் அம்மா பக்கம். ஆனால் பணத்தோடு நிறுத்தக்கூடாது. பயிற்சி, பயிற்சி என்று அமைச்சர்கள் பேசுகிறார்கள். பெர்கேசோவில் பயிற்சிக் கட்டணமும் அலவன்ஸும் இருக்கிறது, மை-ஃபியூச்சர்-ஜாப்ஸ் என்ற வேலை தேடும் தளமும் இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. என் அண்ணி ஒரு வகுப்புக்குப் போனார். முடித்துவிட்டு எட்டு இடத்துக்கு மனுப் போட்டதில் இரண்டு இடத்தில்தான் கூப்பிட்டார்கள், இரண்டிலும் வயதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. வேலை இருப்பது பத்து காவானில், கூலிமில். வீடு இருப்பது பிறையில். கம்பெனி பஸ் இல்லாத இடத்துக்கு ராத்திரி ஷிஃப்டுக்கு மோட்டாரில் போகச் சொல்ல முடியுமா? லைனை மூடும் கம்பெனியே பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் பேசி, ஆட்களைக் கூட்டம் கூட்டமாக மாற்றிவிட வேண்டும். சில கம்பெனிகள் மூடுவதற்கு முன் கேண்டீனிலேயே மற்ற முதலாளிகளைக் கூப்பிட்டு நேர்முகத் தேர்வு வைத்திருக்கிறார்கள். மனமிருந்தால் செய்யலாம்.

#13 · பெட்டாலிங்_பழையவன்

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பிறை அக்காவின் ஆலையில் நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளிகள் இருக்கிறார்களா? ஆள் குறைப்பு வந்தால் அதே வேலையில் இருக்கும் வெளிநாட்டவரை முதலில் நிறுத்திவிட்டுத்தான் உள்ளூர்க்காரரை நிறுத்த வேண்டும் என்று வேலைவாய்ப்புச் சட்டம் 60என் பிரிவில் இருக்கிறது.

#14 · பிறை_லைன்லீடர்

இருக்கிறார்கள் அண்ணா, பக்கத்து லைனில். சட்டத்தில் இருந்தால் எச்.ஆரிடம் கேட்பேன். ஆனால் அவர்களைத் தள்ளிவிட்டு எங்களை வையுங்கள் என்று அவர்கள் காதில் விழும்படி பேச மாட்டேன். ஊரில் நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கும் மிச்ச ஒப்பந்தச் சம்பளமும் விமான டிக்கெட்டும் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் மனுவிலேயே ஒரு வரி சேர்க்கப் போகிறோம். லைனில் மலாய்க்காரப் பெண்கள், சீனப் பெண்கள் எல்லோரும் சரி என்றுவிட்டார்கள்.

#15 · பிறை_லைன்லீடர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று நடந்ததை எழுதுகிறேன். யாரும் கையெழுத்துப் போடவில்லை. லைனிலிருந்து ஆறு பேராகச் சேர்ந்து எச்.ஆர். அறைக்குப் போனோம். சங்கத்து அண்ணன் சொன்ன மாதிரி கணக்கைப் பிரித்து எழுத்தில் தரச் சொன்னோம். முதலில் முடியாது என்றார்கள். பி.கே. படிவம் எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று கேட்டதும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, இரண்டு வாரம் அவகாசம் என்றார்கள். மத்தியானமே தாள் வந்தது. நினைத்தது சரிதான்: அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு, நோட்டீஸ் பணத்தையும் அதற்குள்ளேயே சேர்த்திருக்கிறார்கள். சட்டத் தொகைக்கு மேலே அவர்கள் கொடுப்பதாகச் சொன்ன "கூடுதல்", என் கணக்கில் கிட்டத்தட்ட நோட்டீஸ் பணம்தான்.

திங்கட்கிழமை பட்டர்வொர்த் தொழிலாளர் இலாகாவுக்குப் போகிறோம். பயிற்சி கொடுத்த விஷயத்தையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதற்குச் சட்டத்தில் பணம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் கோப்பில் இருக்கட்டும்.

#16 · சங்கத்துக்காரன்

நல்லது தங்கச்சி. ஒவ்வொருவரும் கடைசி 12 மாத பே-ஸ்லிப், வேலைக்குச் சேர்ந்த கடிதம், வி.எஸ்.எஸ். கடிதம், நேற்று கொடுத்த கணக்குத் தாள், நான்கையும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். கூட்டமாகப் போனாலும் புகாரை ஆளுக்கு ஒன்றாக எழுதுங்கள். ஆட்குறைப்புப் பணத்தை வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். வேலை இழப்புக்கான இழப்பீடு என்று வருமான வரி வாரியம் ஏற்றுக்கொண்டால், முழு வருட சர்வீஸ் ஒன்றுக்கு 10,000 ரிங்கிட் வரை வரி கிடையாது. கம்பெனி வரி பிடித்தால் ஏன் என்று கேளுங்கள்.

எஞ்சினியர் தம்பி, உங்களுக்கும் சொல்கிறேன். 4,000-க்கு மேல் வாங்குபவருக்கு அந்த விதிமுறை இல்லை என்பது சரி. ஆனால் ஆள் குறைப்பு நியாயமாக நடந்ததா என்று கேட்க சம்பள வரம்பு இல்லை. வேலை நீக்கப்பட்ட 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்கலாம், 1967 சட்டத்தின் 20-ஆம் பிரிவு. வி.எஸ்.எஸ்.ஸில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும்.

#17 · பாயான்_எஞ்சினியர்

நன்றி அண்ணா, 60 நாள் விஷயம் எனக்குத் தெரியாது. தனி நிதி பற்றி என் கருத்து இன்னும் மாறவில்லை அம்மா, ஆனால் கணக்குத் தாளைப் பார்த்த பிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: கேட்காவிட்டால் சட்டத் தொகையையே குறைத்துத்தான் கொடுப்பார்கள். பிறை அக்கா, உங்கள் லைனில் யாருக்காவது எக்செல்லில் கணக்குப் போட வேண்டுமானால் தனிமடல் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பிறைக்கே வந்து உட்கார்ந்து எல்லோருக்கும் போட்டுத் தருகிறேன்.

#18 · ஒப்பந்தத்_தம்பி

சங்கத்து அண்ணா, பார்த்துவிட்டேன். கே.டபிள்யூ.எஸ்.பி. சரியாக இருக்கிறது. எஸ்.ஐ.பி. பே-ஸ்லிப்பில் எல்லா மாதமும் பிடித்திருக்கிறார்கள், பெர்கேசோ கணக்கில் நடுவில் சில மாதங்கள் இல்லை. ஒப்பந்தத் தாள்கள் முதல்நாளிலிருந்து எல்லாமே வைத்திருக்கிறேன். இடைவெளியே இல்லாமல் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

#19 · சங்கத்துக்காரன்

தம்பி, இரண்டு வேலை இருக்கிறது. கட்டாத மாதங்களுக்காகப் பெர்கேசோவில் இப்போதே புகார் கொடுங்கள், ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்து, அந்த ஒப்பந்தத் தாள்கள். இடைவெளி இல்லாமல் திரும்பத் திரும்பப் புதுப்பித்த ஒப்பந்தம் உண்மையில் நிரந்தர வேலைதானா என்று நீதிமன்றம் பார்க்கும். 2020-இல் கூட்டரசு நீதிமன்றம் அப்படி ஒரு வழக்கில் தொழிலாளி பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. புதுப்பிக்காமல் விட்டால் 60 நாள் கணக்கு உங்களுக்கும் ஓடும். தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கி, எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். உங்களோடு அதே ஏஜெண்டுக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள்?